இசைத்தாளுக்கும் புரூஃப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்து ஆலயங்களில் கீத ஆராதனைப் பயிற்சி சூடுபிடித்துவிடும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் ஜெராக்ஸ் கடைகளில் நான்கு குரல் (மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ்) பாட்டுத் தாள்கள் கட்டுக் கட்டாக நகலெடுக்கப்படும் காலம் இது. மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1809ல் மயிலாடியில் ஆலயம் கட்டிய நாள் தொட்டு, பாட்டு இந்த மாவட்டத்து வழிபாட்டில் பாதி. அந்தப் பாட்டைக் கையால் எழுதிய ஸ்டாஃப் (ஐந்து கோடு) நோட்டேஷனிலிருந்தும், டோ, ரே, மி எழுத்துகளான சோல்ஃபாவிலிருந்தும் கற்ற காலம் போய், இப்போது பெரும்பாலும் மியூஸ்கோர், சிபேலியஸ், டோரிகோ போன்ற மென்பொருள்களில் அடித்த தாளிலிருந்துதான் கற்கிறோம். தாள் பார்க்க அழகாக இருக்கிறது. கையெழுத்துத் தாளில் பிழை இருக்கலாம் என்று எல்லோரும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அச்சுப்போல் வந்த தாளை யாரும் சந்தேகிப்பதில்லை. அதனால் தவறான நோட்டையே 40 பேர் மூன்று வாரம் மனப்பாடம் செய்கிறார்கள்.

"பிளே பட்டனை அழுத்திக் கேட்டாச்சு, சரியாத்தான் இருக்கு" என்பதே பல பாடகர் குழுக்களில் இன்று புரூஃப் பார்ப்பதாக ஆகிவிட்டது. இது போதாது. மென்பொருள் ஒலியைத்தான் வாசிக்கிறது, எழுத்தை அல்ல. ஏ ஃபிளாட் (ஏ-வுக்கு அரை ஸ்வரம் கீழே) என்று எழுதினாலும் ஜி ஷார்ப் (ஜி-க்கு அரை ஸ்வரம் மேலே) என்று எழுதினாலும் கணினிக்கு ஒரே சத்தம். பாட்டு வரி ஒரு நோட்டு தள்ளி நின்றாலும் அதற்குத் தெரியாது. டி.சி. (தொடக்கத்துக்குத் திரும்பு) என்று வெறும் எழுத்தாகத் தட்டியிருந்தால் அதைப் பொருட்படுத்தாமல் நேராகப் போய்விடும். நான்கு குரலும் பியானோ ஒலியில் சேர்ந்து கேட்கும்போது, டெனர் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) மேலே இருப்பது பழகிய காதுக்கும் தப்பிவிடும்.

டெனர் பிழை மிகச் சாதாரணமாக வருவது. நான்கு குரலையும் நான்கு ஸ்டாஃபில் எழுதும்போது டெனருக்குப் போடவேண்டியது அடியில் 8 போட்ட ட்ரெபிள் கிளெஃப் (கிளெஃப் என்பது வரித் தொடக்கத்தில் சுர உயரத்தைக் காட்டும் குறி). வெறும் ட்ரெபிள் கிளெஃப் போட்டால் தாளில் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஒலி மட்டும் ஓர் ஆக்டேவ் மேலே போகும். பிறகு அதை இரண்டு ஸ்டாஃபாகச் சுருக்கி பேஸ் கிளெஃபில் ஏற்றும்போது, டெனர் வரி சோப்ரானோ உயரத்தில் கூடுதல் கோடுகளின் மேல் நிற்கும். மியூஸ்கோர் எல்லை தாண்டிய நோட்டுகளைத் திரையில் நிறம் மாற்றிக் காட்டும்: சாதாரணப் பாடகருக்கு எட்டாததை மங்கிய மஞ்சளிலும், தேர்ந்தவருக்கும் எட்டாததைச் சிவப்பிலும். அந்த நிறத்தை எரிச்சலாக நினைத்து அணைத்துவிடாதீர்கள்.

அடுத்தது, சோப்ரானோவையும் ஆல்டோவையும் ஒரே ஸ்டாஃபில் எழுதும்போது வருவது. சோப்ரானோ முதல் வாய்ஸிலும் (வாய்ஸ் என்பது ஒரே ஸ்டாஃபில் மென்பொருள் தனித்தனியாக வைக்கும் வரிசை) ஆல்டோ இரண்டாம் வாய்ஸிலும் இருக்க வேண்டும். மியூஸ்கோரில் தேர்வு செய்து பார்த்தால் முதல் வாய்ஸ் நீலமாகவும் இரண்டாவது பச்சையாகவும் தெரியும். அவசரத்தில் பலர் இரண்டையும் முதல் வாய்ஸிலேயே கார்டாக (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்தாக) அடித்துவிடுகிறார்கள். சோப்ரானோ மினிம் (இரண்டு பீட், அதாவது இரண்டு தாளத் தட்டு) பிடித்திருக்க ஆல்டோ இரண்டு கிராட்செட் (தலா ஒரு பீட்) நகரும் இடம் வந்ததும் சிக்கிக்கொண்டு, அங்கே மட்டும் ஏதாவது ஒட்டுவேலை செய்கிறார்கள். முழு வரியையும் தேர்வு செய்து நீலமும் பச்சையும் முதல் பாரிலிருந்து (பார் என்பது இரு நிலைக்கோடுகளுக்கு இடைப்பட்ட தாளக் கட்டம்) கடைசி பார் வரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

பாரில் பீட் குறைந்தால் மென்பொருளே சொல்லிவிடும் என்பது பாதி உண்மைதான். கிராட்செட்டுக்குப் பதில் குவேவர் (அரை பீட்) அடித்தால் மீதி இடத்தில் மென்பொருள் ஒரு ரெஸ்டை (மௌனக் குறியை) வைத்து நிரப்பிவிடும், பார் கணக்கு சரியாகிவிடும். தட்டச்சு செய்தவர் அந்த ரெஸ்ட் ஏன் வந்தது என்று பார்க்காமல் அதை மறைத்துவிட்டால் தாளில் ஓர் ஓட்டை தங்கும். மறைந்தவற்றைக் காட்டும் வசதியை இயக்கிவிட்டுப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் எல்லாம் வெளியே வரும். இரண்டாம் வாய்ஸில் ரெஸ்டை அழித்தால் அதுவும் இல்லாமல் வெற்றிடமே மிஞ்சும்.

பாட்டு பார் நடுவில் தொடங்கினால் அந்த முதல் குறைப் பாரைச் சரியாக அமைக்க வேண்டும். 4/4ல் (பாருக்கு நான்கு பீட்) ஒரு பீட் முன்னதாக எடுக்கும் பாட்டென்றால் முதல் பாரில் 1 பீட், கடைசிப் பாரில் 3 பீட். இரண்டும் சேர்ந்து ஒரு முழுப் பார். குறைப் பாரை அமைக்காமல் மூன்று ரெஸ்ட் போட்டுத் தொடங்கினால், அடுத்த சரணத்துக்குத் திரும்பும்போது நடுவில் மூன்று பீட் வெற்றாக நிற்கும். கீர்த்தனைகளில் இது இன்னும் முக்கியம். தாளம் விழுந்த பிறகு அரை அல்லது முக்கால் இடம் தள்ளி எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) வரும் பல்லவிகள் உண்டு. எடுப்பைச் சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்திலேயே) வைத்துத் தட்டினால் எல்லா பார் கோடும் இடம் மாறி, அழுத்தம் தவறான எழுத்தில் விழும். மிஸ்ர சாபு தாளத்தை 7/8ல் எழுதினால் குவேவர்கள் 3, 2, 2 என்று கொத்தாக இணைந்திருக்க வேண்டும். மென்பொருள் தானாகப் பிரிப்பதை நம்பாமல் டைம் சிக்னேச்சரின் அமைப்பில் போய்ப் பாருங்கள். கண்ட சாபுக்கு 2, 3.

கீபோர்டை மிடி வழியாக இணைத்து வாசித்தே பதிவு செய்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். வேகம் கிடைக்கிறது. ஆனால் கறுப்புக் கட்டையின் பெயரைக் கணினிதான் ஊகிக்கிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையைச் சி சுரத்தை ஷட்ஜமாக (ஸ) வைத்து எழுதுவதாகக் கொள்வோம். வரவேண்டிய ஸ்வரங்கள் சி, டி ஃபிளாட், இ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. கணினி டி ஃபிளாட்டைச் சி ஷார்ப் என்றும் ஏ ஃபிளாட்டை ஜி ஷார்ப் என்றும் எழுதிவைக்கக்கூடும். ஸரிஸரி என்று போகும் இடத்தில் சி, சி ஷார்ப், சி நேச்சுரல் (ஷார்ப் நீக்கிய சி), மறுபடி சி ஷார்ப் என்று ஒரே கோட்டில் குறிகள் முட்டிக்கொள்ளும். டி ஃபிளாட் என்று எழுதினால் பாருக்கு ஒரு குறி போதும், ரிஷபம் ரிஷபத்தின் இடத்திலேயே நிற்கும், பாடுபவருக்கு ராகம் கண்ணில் தெரியும். மியூஸ்கோரில் நோட்டைத் தேர்ந்து ஜே விசையைத் தட்டினால் பெயர் மாறும். மேற்கத்திய ஹிம்களில் (துதிப்பாடல்களில்) இதற்கு எதிர்ப்புறமான பிழை வருவதுண்டு: ஏ மைனரில் மேலே ஏறும் ஜி ஷார்ப், ஏ ஃபிளாட்டாகிவிடும். ஏறவேண்டிய நோட்டு இறங்கும் நோட்டுப்போல் தோன்றுவதால் ஆல்டோக்கள் அங்கே தடுமாறுவார்கள்.

பழைய பாட்டுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து மென்பொருளால் நோட்டாக மாற்றினால் வேறு வகைப் பிழைகள் வரும். கிராட்செட்டின் பின்னால் இருந்த புள்ளி காணாமற்போகும், காகிதத்தில் இருந்த கறை புள்ளியாகிவிடும். நேச்சுரல் ஷார்ப்பாகும். ஏதாவது ஒரு வரியின் தொடக்கத்தில் மட்டும் கீ சிக்னேச்சர் (அங்கே வரவேண்டிய ஷார்ப், ஃபிளாட் குறிகள்) விடுபட்டுவிடும். அப்படி வந்த தாளை மூலப் புத்தகத்தோடு ஒவ்வொரு நோட்டாக ஒப்பிடாமல் பயன்படுத்தவே கூடாது.

பாட்டு வரிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் தாள்கள் அதிகம் கெடுவது அங்கேதான். முதல் காரியம், வரிகளை நோட்டுக்கு அடியில் வைக்கும் முன்பே பாமாலை, கீர்த்தனைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி முடித்துவிடுங்கள். துண்டு துண்டாக உடைத்த பிறகு எழுத்துப்பிழை கண்ணுக்குத் தெரியாது. "தேவனைத் துதி" என்பதில் அந்த ஒற்று விழுந்தால் பாடும்போதும் விழுகிறது. பிரிக்கும்போது புள்ளி வைத்த மெய் எப்போதும் முன்னெழுத்தோடு போக வேண்டும்: கர்த்-த-ரை, இ-ரட்-ச-கர். க-ர்த்தரை என்று பிரித்தால் இரண்டாம் நோட்டில் வாய் திறக்கவே வழியில்லை. வல்லின ஒற்று வந்தால் அதுவும் முன் நோட்டுக்கே சொந்தம், "னைத்" ஒரு நோட்டு, "து" அடுத்த நோட்டு. ஸ்தோத்திரம் போல மெய்யிலேயே தொடங்கும் சொற்கள் மட்டும் விலக்கு: ஸ்தோத்-தி-ரம்.

ஒரு நோட்டைத் தவறவிட்டால் அதற்குப் பின் வரும் எல்லா எழுத்தும் ஒரு நோட்டு தள்ளிப் போகும். இது பெரும்பாலும் டை போட்ட இடத்திலும் ஸ்லர் போட்ட இடத்திலும் நடக்கும். இந்த இரண்டையும் தட்டச்சில் குழப்பாதீர்கள். டை ஒரே சுரத்தை நீட்டுவது, ஸ்லர் வேறு வேறு சுரங்களை ஓரெழுத்தில் இணைப்பது. இரண்டின் வளைவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், ஒரே சுரத்தில் ஸ்லர் போட்டால் மென்பொருள் இரண்டு முறை அடிக்கும். கடைசி எழுத்து நீளும் இடத்தில் அடிக்கோடு அந்த ஸ்லரின் கடைசி நோட்டு வரை ஓட வேண்டும், சொல்லின் நடுவில் நீண்டால் கோடு அல்ல, ஹைஃபன்.

தள்ளிப்போனதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. பாட்டின் அளவு (அடிவாரியாக அசை எண்ணிக்கை) 8.6.8.6 என்றால் ஒவ்வொரு சரணத்திலும் 28 அசை வர வேண்டும். இங்கே அசை என்பது யாப்பின் நேரும் நிரையும் அல்ல, ஒரு மூச்சில் ஒரு நோட்டில் விழும் எழுத்து. ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தும் அந்த அடியின் கடைசி நோட்டின் கீழ் நேராக நிற்கிறதா என்று சரணம் சரணமாகப் பாருங்கள். முதல் சரணம் சரியாக இருந்தால் மற்றவையும் சரி என்று விட்டுவிடுவதால்தான் மூன்றாம் சரணத்தில் குழு சிதறுகிறது.

எழுத்துரு விஷயத்தில் நாம் இன்னும் பழைய பழக்கத்தில் இருக்கிறோம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வரிகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். யூனிகோடில் அடியுங்கள். அதிலும் கவனம் வேண்டும்: கௌ என்பதில் வரும் குறிக்குப் பதிலாகக் கெ அடித்து ள சேர்ப்பது, கால் குறிக்குப் பதிலாக ர அடிப்பது இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடும்போதுதான் மாட்டும். விளவங்கோடு பக்கத்துச் சபைகளில் மலையாள வரியும் கீழே போவதுண்டு. அப்போது இரண்டு எழுத்துக்கும் பொருந்தும் எழுத்துரு அமைத்து, வரிகளுக்கு இடையே இடைவெளியை அகலமாக்க வேண்டும். தமிழில் கு, மூ, ழு எல்லாம் அடியில் இறங்குபவை. ஆங்கிலத்துக்கான இடைவெளியில் மேல் சரணத்தின் ழு, கீழ்ச் சரணத்தின் புள்ளியில் போய் முட்டும்.

ஸ்வர எழுத்தில் தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல் ஸ்தாயிக்கு ஸ மேல் வைக்கும் புள்ளி தமிழில் ஸ் என்றே படிக்கப்படும். புள்ளியைச் சற்று உயர்த்தித் தனித்துத் தெரியும்படி வையுங்கள், தாளின் தலைப்பில் அதன் பொருளையும் எழுதுங்கள்.

சோல்ஃபாவைக் கைவிடாதவர்கள் நம்மிடையே இன்னும் உண்டு, இருக்கவும் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாரா குளோவர் அமைத்து ஜான் கர்வன் விரித்துப் பரப்பிய முறை அது. பெரும்பாலும் அதை ஸ்டாஃபுக்கு மேல் பாட்டு வரிபோலத் தட்டுகிறார்கள். ஆக்டேவ் காட்டும் சிறு கீழ்க்குறியும் மேற்குறியும் நகலெடுக்கும்போது முதலில் விழுபவை. பாட்டை எஃப்பிலிருந்து இ ஃபிளாட்டுக்கு இறக்கினால் சோல்ஃபா எழுத்துகள் மாறாது, மாறவும் கூடாது. ஆனால் தலைப்பில் உள்ள "டோ = எஃப்" மாற வேண்டும். அதை மாற்ற எல்லோரும் மறக்கிறார்கள்.

கட்டை (சுருதி) மாற்றும்போது கிட்டார் கார்டுகளும் இப்படித்தான். கார்டு என்று சொல்லி உள்ளிட்டவை நோட்டோடு சேர்ந்து மாறும், வெறும் எழுத்தாகத் தட்டியவை பழைய கட்டையிலேயே நிற்கும். சில சரணத்தில் ஒரு வகையும் சில சரணத்தில் மறு வகையும் கலந்திருந்தால் கிட்டார்காரர் நிலை பரிதாபம். எனவே கட்டை மாற்றியதும் முதல் கார்டையும் நடுவில் ஒன்றையும் கடைசியையும் பேஸ் நோட்டோடு ஒத்துப்பாருங்கள்.

பேண்டு வாத்தியம் சேர்ந்தால் கான்சர்ட் பிட்ச் பட்டன்தான் (எல்லா வாத்தியத்தையும் ஒலிக்கும் சுரத்திலேயே எழுதிக் காட்டுவது) பெரிய ஆபத்து. அது இயங்கிக்கொண்டிருக்கும்போது அச்சடித்தால் எல்லா வாத்தியத் தாளும் பாடகரின் கட்டையிலேயே வரும், பி ஃபிளாட் கார்னெட்காரர் வாசித்தால் ஒரு முழு ஸ்வரம் கீழே கேட்கும். சோதிக்க ஒரு பார்வை போதும். பாட்டு எஃப் மேஜரில், அதாவது ஒரு ஃபிளாட்டில் இருந்தால், பி ஃபிளாட் கார்னெட் தாளில் ஒரு ஷார்ப்பும் இ ஃபிளாட் ஹார்ன் தாளில் இரண்டு ஷார்ப்பும் இருக்க வேண்டும். மூன்று தாளிலும் ஒரே கீ சிக்னேச்சர் என்றால் அச்சடிப்பதை நிறுத்திவிடுங்கள்.

இனி, புரூஃப் பார்க்கும் முறை. திரையில் பார்க்காதீர்கள், ஏ4 தாளில் அச்செடுத்துப் பாருங்கள். தட்டச்சு செய்தவரே பார்த்தால் தான் அடிக்க நினைத்ததைத்தான் படிப்பார், எனவே இன்னொருவர் வேண்டும். ஒருவர் மூலத்தைக் கையில் வைத்து உரக்கச் சொல்ல வேண்டும்: "ஆல்டோ, பார் 5: ஜி கிராட்செட், எஃப் ஷார்ப் குவேவர், ஜி குவேவர்." மற்றவர் பென்சிலால் ஒவ்வொன்றின் மேலும் புள்ளி வைத்துப் போக வேண்டும். 16 பார் உள்ள ஹிம்முக்கு நான்கு குரலும் முடிக்க அரைமணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க முயன்றால் ஒன்றும் பிடிபடாது. ஒரு முறை சுரங்களை மட்டும், அடுத்த முறை குரல்களை மேலிருந்து கீழாகக் கார்டு கார்டாக, பிறகு வரிகளை, பிறகு ரிப்பீட், ஃபெர்மாட்டா (நீட்டிப் பிடி), டி.எஸ். (குறியிட்ட இடத்துக்குத் திரும்பு), ஃபீனே (முடிவு) போன்ற குறிகளை. சுரம் பார்க்கும்போது கடைசிப் பாரிலிருந்து பின்னோக்கி வருவது நல்லது, தெரிந்த ராகம் கண்ணை இழுத்துக்கொண்டு போகாது. பிளே பட்டனுக்கும் இடம் உண்டு: ஒவ்வொரு குரலையும் தனியாக, பாதி வேகத்தில், தாளைக் கையில் பிடித்துக்கொண்டு.

காப்பி செய்து ஒட்டிய இடங்களைக் குறித்து வையுங்கள். முதல் அடியில் இருந்த பிழை மூன்றாம் அடிக்கும் போயிருக்கும், ஓர் இடத்தில் மட்டும் திருத்தினால் மற்றது தங்கிவிடும். இதற்கு நேர்மாறாக, மூலத்தில் மூன்றாம் அடியின் முடிவில் ஒரே ஒரு நோட்டு வேறாக இருந்து, ஒட்டியதால் அது அழிந்துபோவதும் உண்டு. சிவப்புப் பேனா உறுதியான பிழைக்கு, நீலம் சந்தேகத்துக்கு. இசையமைத்தவர் இணையான ஐந்தாம் சுரங்கள் (இரு குரல் ஐந்து சுர இடைவெளி மாறாமல் சேர்ந்து நகர்வது, மரபில் தவிர்க்கப்படுவது) எழுதியிருந்தால் புரூஃப் பார்ப்பவர் அதைத் திருத்தக்கூடாது, நீலத்தில் கேள்விக்குறி போட்டு அவரிடம் கேட்க வேண்டும். திருத்தி மறுபடி அச்செடுத்ததும் பழைய தாளின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒரு நோட்டைத் திருத்தியதால் வேறெந்த வரி நகர்ந்தது என்று உடனே தெரியும்.

அச்சுக்குப் போகும்போது பி.டி.எஃப். ஆகத்தான் கொடுக்க வேண்டும். தாள் அளவு லெட்டர் என்று இருந்தால் ஏ4க்கு மாற்றுங்கள், கடைக்காரரிடம் நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். ஏ5 கையேடாகச் சுருக்கினால் 7 மில்லிமீட்டர் ஸ்டாஃப் 5 மில்லிமீட்டராகிவிடும், 10 புள்ளி தமிழ் எழுத்து 7 ஆகும். மாலை ஆராதனையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதை முதியவர்கள் படிக்க முடியாது. எனவே சுருக்குவதற்கென்றே தனியாகப் பெரிய எழுத்தில் அமைக்க வேண்டும். ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் பார் எண் இருக்கட்டும், பயிற்சியில் ஒரு பிழை தென்பட்டால் 40 பேரும் அதே இடத்தைத் திருத்த அதுதான் வழி. அடிக்குறிப்பில் திருத்திய தேதி வேண்டும். "ஃபைனல்", "ஃபைனல் 2" என்று பெயர் வைத்த கோப்புகளில் எது கடைசி என்று டிசம்பரில் யாருக்கும் நினைவிருக்காது.

ஃபினாலே மென்பொருளில் பழைய பாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் குழுக்கள், அதன் தயாரிப்பாளர்கள் 2024 ஆகஸ்டில் அதை மேலும் வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டதை மனதில் கொள்ள வேண்டும். மென்பொருள் திறக்கும் கணினி கையில் இருக்கும்போதே எல்லாக் கோப்பையும் மியூசிக் எக்ஸ்.எம்.எல். (மற்ற இசை மென்பொருள்களிலும் திறக்கும்) வடிவிலும் பி.டி.எஃப். ஆகவும் எடுத்து வையுங்கள். மாற்றிய கோப்பில் பக்க அமைப்பு கலையும், பழைய எழுத்துரு வரிகள் சிதையும். அதனால்தான் பி.டி.எஃப். உடன் இருக்க வேண்டும், அதை வைத்துத்தான் மறுபடி புரூஃப் பார்க்க முடியும்.

டிசம்பர் முதல் ஞாயிறன்று தாள் எல்லோர் கையிலும் இருக்க வேண்டுமென்றால், தட்டச்சு அக்டோபர் கடைசியில் முடிந்து, நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு மாலைகள் புரூஃபுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். முதல் மாலைக்கு ஒரு சோப்ரானோவும் ஒரு பேஸும் போதும், இரண்டாம் மாலைக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் வரிகளுக்காக வரட்டும். அதற்குப் பிறகு 5 நகல் மட்டும் எடுத்து, குரலுக்கு ஒருவரும் ஆர்கன் வாசிப்பவரும் ஒரு முறை பாடிப்பார்த்த பின்தான் மீதி நகல்.

இப்படிக்கு,
பாடகர் குழுக்களுக்கு இசைத்தாள் தயாரித்துக் கொடுப்போர் சிலர்,
நாகர்கோவில்.